உப்புக்கு ஒரு முதலாளி

திருப்பூரின் சாயத்தொழில் ‘பூஜ்யக் கழிவு’ என்ற பாதைக்குத் தள்ளப்பட்டுப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆற்றுக்குப் போகாமல் நிறுத்தப்பட்ட கழிவு இப்போது எங்கே இருக்கிறது? அதற்குக் கணக்கு வைத்திருப்பது யார்?

ஒரு கறுப்பு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சு, நூல், சாயம், தையல் கூலி என்று அதற்குள் என்னென்னவோ அடங்கியிருக்கிறது. உப்பு மட்டும் கிடையாது. ஆனால் உப்பு இல்லாமல் அந்தக் கறுப்பு வந்திருக்காது.

பருத்தி இழை தண்ணீரில் நனைந்ததும் எதிர்மின் தன்மை பெறுகிறது. ரியாக்டிவ் சாயமும் அதே எதிர்மின் தன்மையோடுதான் கரைந்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடும். நடுவில் உப்பைக் கொட்டினால்தான் சாயம் இழையை நெருங்கும். அதன் பிறகு சோடா ஆஷ் போட்டால் பிடித்துக்கொள்ளும். அடர்த்தியான கலர் என்றால் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு வேண்டும். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் எடுக்கும் மெஷினில், சுமார் அரைக் கிலோ உப்பு போகும். ஒரு டி-ஷர்ட்டுக்கு என்று பிரித்துப் பார்த்தால் சுமார் 100 கிராம்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்துவைத்த தரகர், பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார் அல்லவா? உப்பும் அப்படித்தான். சாயத்தை இழையோடு சேர்த்துவைத்துவிட்டு, கழுவும் தண்ணீரோடு மொத்தமும் வெளியே வந்துவிடும். இழையில் ஒட்டாத சாயமும் கூடவே வரும்.

வெளியே வந்த உப்பு எங்கே போகிறது என்பதுதான் திருப்பூரின் முப்பதாண்டுக் கதை.

ஊர் முழுக்க ஒரே கம்பெனி

பெரிய தொழிற்சாலை என்றால் மதில்சுவர், கேட், சைரன், ஒரே பெயர்ப்பலகை என்று நினைவுக்கு வரும். திருப்பூரில் அந்தத் தொழிற்சாலையின் ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் ஒவ்வொரு தெருவில் இருக்கிறது. நூல் ஒரு இடத்தில் வாங்கப்படுகிறது. நிட்டிங் இன்னொரு இடத்தில். அங்கிருந்து டெம்போ ஏறி டையிங்குக்கு, பிறகு காம்பாக்டிங், பிரின்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். கடைசியில் தூத்துக்குடி துறைமுகத்துக்கு கன்டெய்னர். 2024-25 நிதியாண்டில் இப்படிச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதியானது. மொத்தமாகப் பார்த்தால் உலகின் பெரிய பனியன் கம்பெனிகளில் ஒன்று இந்த ஊர். ஆனால் அதற்கு ஒரே முதலாளி என்று யாரும் கிடையாது.

தொழில் வளர்ந்ததற்கு இந்தப் பிரிவினைதான் காரணம். கொஞ்சம் முதல் போட்டு, நாலு மெஷின் வாங்கி, ‘ஜாப் ஒர்க்’ எடுத்துச் செய்து ஒருவர் மேலே வந்துவிட முடிந்தது. ஆனால் லாபத்தைப் பிரித்துக்கொண்ட அதே ஏற்பாடு, பொறுப்பையும் துண்டுதுண்டாக்கியது. லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் பிராண்டுக்குச் சட்டையின் நிறம் தெரியும், சாயப்பட்டறையைத் தெரியாது. ஏற்றுமதியாளர் துணியைக் கொடுத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசி வாங்கிக்கொள்வார். சாயப்பட்டறைக்காரர் பேசிய கூலியில் வேலையை முடித்தாக வேண்டும். துணிக்குச் சொந்தக்காரர் இருந்தார், சாயத்துக்கு பில் இருந்தது. வெளியே போன உப்புத்தண்ணீருக்குத்தான் யாரும் இல்லை. வாய்க்கால் இருந்தது, வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நொய்யல் இருந்தது.

திறக்காதீர்கள் என்று கேட்ட விவசாயிகள்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிற ஆறு நொய்யல். காஞ்சிமாநதி என்பது பழைய பெயர். வழியெங்கும் அணைக்கட்டுகளும் குளங்களும் சங்கிலிபோலக் கோத்து வைக்கப்பட்ட ஆறு இது. திருப்பூருக்குக் கீழே, சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. கரூர் பக்கம் வரை பாசனம் பெறும் என்பது திட்டம்.

அணையில் தண்ணீர் நின்றது. ஆனால் அது பயிருக்கு ஆகிற தண்ணீராக இல்லை. மேலே எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் வெளியேற்றிய கழிவுநீர், நாளொன்றுக்கு எட்டுக் கோடி லிட்டருக்கு மேல். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 6 கிராம் உப்பு கரைந்திருந்தது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 480 டன். பத்து டன் லாரியில் ஏற்றினால் 48 லோடு. தினமும் 48 லாரி உப்பை ஓர் ஆற்றில் கொட்டினால் ஊர் சும்மா இருக்குமா? கரைத்து ஊற்றியதால் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்தது நிறம் மட்டும்தான்.

கிணறுகள் உப்பேறின. தென்னைகள் காய்ந்துபோயின. ஆடுமாடுகள் குடிக்கத் தயங்கின. எந்தப் பாசன விவசாயியும் அணையைத் திறக்கச் சொல்லித்தான் போராடுவார். ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே இருந்தவர்கள், தயவுசெய்து திறந்துவிடாதீர்கள் என்று கேட்கும் நிலைக்கு வந்தார்கள். பாசன அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாகிவிட்டிருந்தது.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பது பழமொழி. நொய்யலில் உப்பைத் தின்றது ஒருவர், அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டி வந்தது இன்னொருவர்.

நிறத்தை எடுத்தார்கள், உப்பை விட்டார்கள்

அப்போதெல்லாம் சுத்திகரிப்பே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1990-களின் இறுதியில், நீதிமன்ற நெருக்கடியால் சாயப்பட்டறைகள் கூட்டாகச் சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டின. பெருஞ்செலவுதான். சுண்ணாம்பும் ரசாயனமும் போட்டு நிறத்தையும் கசடையும் பிரித்தார்கள். தண்ணீர் ஓரளவு தெளிந்து வந்தது. ஆனால் கரைந்திருக்கும் உப்பைப் பிரிக்கும் வசதி அந்த நிலையங்களில் கிடையாது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. தெளிந்து வந்த தண்ணீரில் அது இரண்டு, மூன்று மடங்காக இருந்தது.

இலக்கு வைக்கும் எந்த நிறுவனமும் ஒரு முறையாவது விழுகிற குழி இது. எது கண்ணில் படுகிறதோ, எதை ஊர் திட்டுகிறதோ, அதைச் சரிசெய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வது. நிலத்தைக் கொன்றது நிறமல்ல, உப்பு. கண்ணுக்குத் தெரிகிற குற்றவாளியைப் பிடித்துவிட்டு, தெரியாத குற்றவாளியைக் குழாய் வழியே வழியனுப்பிவைத்துக்கொண்டிருந்தார்கள்.

விவசாயிகள் அதை நாக்கிலேயே கண்டுபிடித்தார்கள். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் 2003-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இன்னொரு பக்கம், சூழல் இழப்புக்கான ஆணையம் 2004 டிசம்பரில் சுமார் 28,000 விவசாயிகளுக்கு 24 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு நிர்ணயித்தது. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஆற்றுக்கு ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது, 2007 ஜூலைக்குள் அந்த நிலையை எட்ட வேண்டும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதம்.

தேதி கடந்தது. உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டைச் சுட்டிக்காட்டி, 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதே உத்தரவை உறுதிசெய்து மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது. அதுவும் ஓடிப்போனது. 2011 ஜனவரி 28 அன்று, நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தனை சாயப்பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

டையிங் நின்றால் திருப்பூரில் எதுவுமே நகராது. துணி லாரி ஏறி வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் சாயம் போடப் போனது. தையல் கம்பெனிகள் வேலை இல்லாமல் காத்துக் கிடந்தன. வெளியூரிலிருந்து வந்திருந்த தொழிலாளிகள் பெட்டியைக் கட்டினார்கள். பாதிப்பு சாயப்பட்டறை முதலாளிகளோடு நிற்கவில்லை என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எட்டாண்டு வழக்கில் ஒரு ஆற்றின் பக்கம் இருந்த வேதனை, சில மாதங்களுக்கு ஊரின் பக்கம் இடம் மாறியது.

அந்த ஆண்டே தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் புதிய முறை ஒன்று சோதித்துப் பார்க்கப்பட்டது. அது வெற்றி பெற்றதும், மற்ற நிலையங்களும் ஒவ்வொன்றாக அனுமதி வாங்கித் திறந்தன. இப்போது 18 பொது நிலையங்கள் இருக்கின்றன. தனி நிலையம் வைத்திருக்கும் பெரிய பட்டறைகள் வேறு.

பெட்டிச் செய்தி: பூஜ்யம் எப்படி வருகிறது?

பட்டறையிலிருந்து குழாய் வழியாக வரும் சாயத்தண்ணீர் முதலில் ஒரு பெரிய தொட்டியில் சேர்ந்து ஒரே பதத்துக்கு வருகிறது. அடுத்து நுண்ணுயிர்த் தொட்டி. காற்றை ஊதிக்கொடுத்தால், பாக்டீரியாக்கள் கரிமக் கழிவைத் தின்றுவிடும். பிறகு கசடு அடியில் தங்கி, மேல்தண்ணீர் வடிகட்டிகளுக்குப் போகிறது.

அதன் பின் ஆர்.ஓ. வீட்டுச் சமையலறையில் இருக்கிற அதே தத்துவம்தான். இங்கே ஒன்றன்பின் ஒன்றாகப் பல கட்டங்கள். நல்ல தண்ணீர் ஒருபக்கம் பிரிந்து பட்டறைக்கே திரும்பிப் போகிறது. வீட்டு ஆர்.ஓ.-வில் மிஞ்சும் உப்புத்தண்ணீரை நாம் சாக்கடையில் விட்டுவிடுகிறோம். பூஜ்யக் கழிவு நிலையத்தின் உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது. அந்த அடர் உப்புத்தண்ணீரில் ஒரு பகுதியை நிறம் நீக்கிச் சுத்தப்படுத்தினால், சாயம் போட அப்படியே பயன்படுத்தலாம். ‘பிரைன்’ என்பார்கள். மீதியை நீராவியால் கொதிக்கவைத்து வற்றவைக்கிறார்கள். குளிரவைத்துப் படிகமாக்கினால் கிளாபர் உப்பு கிடைக்கும். அதுவும் பட்டறைக்கே திரும்பும்.

கடைசியில் மிஞ்சுவது, எல்லா உப்பும் கலந்த, எதற்கும் ஆகாத ஒரு கலவை உப்பு. வந்த தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மீட்கப்பட்டுவிடுகிறது. ஆற்றுக்குப் போவது: பூஜ்யம்.

பூஜ்யத்தின் மிச்சம்

இந்தச் சாதனையைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. இவ்வளவு பெரிய சாயத்தொழில் மொத்தமும் இந்த முறைக்கு மாறிய ஊர்கள் உலகில் அரிது. ஆனால் பூஜ்யம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு கேள்வி எழ வேண்டும். எங்கே நின்று எண்ணினால் பூஜ்யம்?

குழாய் முனையில் நின்று எண்ணினால் பூஜ்யம். நிலையத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தால், கூரை போட்ட கொட்டகைகளில் கலவை உப்பு மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டிருக்கிறது. விற்க முடியாது; மழையில் நனைய விடக் கூடாது, நனைந்தால் மறுபடி கரைந்துவிடும்; எங்கேயும் கொட்டவும் முடியாது. கசடுக்காவது ஒரு வழி பிறந்திருக்கிறது, சிமென்ட் ஆலைகளின் சூளைக்குப் போகிறது. கலவை உப்புக்கு அப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைக்கவில்லை.

பாய்லர் பக்கம் நின்று எண்ணினால் வேறு கணக்கு. தண்ணீரை வற்றவைக்க நீராவி வேண்டும், நீராவிக்கு விறகு வேண்டும். ஆர்.ஓ. பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும். ஆற்றைக் காப்பாற்ற ஆகாயத்துக்குப் புகை போகிறது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பலர் காற்றாலைகளில் முதலீடு செய்திருப்பதால் மின்சாரக் கணக்கு ஓரளவு நேராகிறது. விறகின் கணக்கை அது நேர்செய்யாது.

திருப்பூர் எல்லையில் நின்று எண்ணினால் பூஜ்யம். எல்லை தாண்டினால்? செலவு கூடிய இடத்திலிருந்து செலவு குறைந்த இடத்துக்கு எந்தத் தொழிலும் நகரப் பார்க்கும். 2011-க்குப் பிறகு சாயம் போட வேறு ஆற்றங்கரைகளைத் தேடிப் போனவர்கள் உண்டு. உரிமம் இல்லாமல் சந்துக்குள் இயங்கி, இரவில் திறந்துவிடும் பட்டறைகள் பிடிபடும் செய்தி அவ்வப்போது வருகிறது. மழை பெய்யும் நாளில் நொய்யலில் நுரை பொங்குவதைத் திருப்பூர்க்காரர்கள் பாலத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். முறையாகச் செலவு செய்யும் பட்டறைக்காரருக்கு இதைவிட ஆத்திரமூட்டும் காட்சி வேறில்லை.

தொட்டிக்குள் இறங்கும் மனிதரின் இடத்தில் நின்று எண்ணினால் எந்த இலக்கும் பொருளிழந்துவிடும். 2025 மே மாதம் திருப்பூர் அருகே ஒரு சாயப்பட்டறையில், கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி உயிரிழந்தார்கள். கழிவுத் தொட்டியில் மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்கக் கூடாது என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தண்ணீரின் உப்பைச் சென்சார் வைத்து நொடிக்கு நொடி அளக்கும் ஒரு தொழிலில், தொட்டியின் காற்றை அளக்காமல் ஆளை இறக்குவதை எந்த அறிக்கையின் எந்தப் பத்தியில் எழுதுவது?

சான்றிதழ் கேட்பவர்கள், விலை கேட்டால்...

நீதிமன்றம் தள்ளிவிட்ட பாதையை, சில ஆண்டுகளிலேயே சந்தை கையில் எடுத்துக்கொண்டது. 2011-இல், அதாவது திருப்பூர் மூடிக்கிடந்த அதே ஆண்டில், கிரீன்பீஸ் அமைப்பு ஐரோப்பிய, அமெரிக்க ஆடை பிராண்டுகளைக் குறிவைத்து நச்சு ரசாயனங்களுக்கு எதிரான பிரசாரத்தைத் தொடங்கியது. பிராண்டுகள் சேர்ந்து, ஆபத்தான ரசாயனங்களைப் பூஜ்யமாக்கும் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கின. சப்ளையர்களின் கழிவுநீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கேட்க ஆரம்பித்தன. ஐரோப்பிய ஒன்றியம், பொருள்களுக்கு ‘டிஜிட்டல் பாஸ்போர்ட்’ கேட்கும் விதிமுறையை 2024 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முன்னுரிமைப் பட்டியலில் ஜவுளியும் இருக்கிறது. சட்டையின் ஜாதகத்தைச் சட்டையோடே அனுப்ப வேண்டிய காலம் வருகிறது.

அடித்துத் திருத்திய பிள்ளை பிறகு அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்வதுபோல, ‘எங்கள் ஊரில் கழிவு பூஜ்யம்’ என்பது இப்போது திருப்பூரின் விற்பனை வாசகம். தவறில்லை. ஆனால் ஏற்றுமதியாளர்களிடம் ஐந்து நிமிடம் பேசினால் ஒரு புலம்பல் தவறாமல் வரும். பையர் சான்றிதழ் கேட்கிறார். சான்றிதழுக்கான செலவை விலையில் ஏற்றினால், பங்களாதேஷ் விலையைக் காட்டுகிறார். அவர்களின் இணையப் பக்கங்களில் பசுமை இலக்குகள் வரிசையாக நிற்கின்றன. அந்த இலக்குக்கான பில் அருள்புரத்திலும் வீரபாண்டியிலும் இருக்கும் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வருகிறது.

இதில் நியாயம் இருக்கிறது. கூடவே ஒரு சின்ன முரணும் இருக்கிறது. ஏற்றுமதியாளர் பையரிடம் என்ன கேட்கிறாரோ, அதைத்தான் சாயப்பட்டறைக்காரர் ஏற்றுமதியாளரிடம் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்: சுத்தம் செய்கிற செலவைக் கூலியில் சேருங்கள். சங்கிலியில் ஒவ்வொருவரும் தனக்கு மேலே கையைக் காட்டுகிறார்கள். சுமையோ கீழே இறங்கிக்கொண்டே போகிறது. அதைத் தள்ளிவிட விவசாயிக்கு மட்டும் கீழே யாரும் இல்லை, அவருக்குக் கீழே ஆறுதான்.

முதலாளி வந்த பிறகு

செலவு கணக்கில் ஏறிய பிறகு பட்டறைக்குள் நடந்த மாற்றம் கவனிக்க வேண்டியது. பழைய வின்ச் மெஷின்களில் ஒரு கிலோ துணிக்குப் பதினைந்து, இருபது லிட்டர் தண்ணீர் நிரப்புவார்கள். தண்ணீர் கூடினால் உப்பும் கூடும். வெளியே விடுவதற்குச் செலவில்லாத காலத்தில் இது யாருக்கும் உறுத்தவில்லை. ஒவ்வொரு லிட்டரையும் சுத்திகரிக்கப் பணம் கட்ட வேண்டும் என்றானதும், ஆறு முதல் எட்டு லிட்டரில் வேலையை முடிக்கும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினின் விலை பெரிதாகத் தெரியவில்லை. இழையில் கூடுதலாக ஒட்டும் சாயம், குறைந்த உப்பில் வேலை செய்யும் சாயம் என்று தேடத் தொடங்கினார்கள். கரைத்துவிட்டுப் பிரிப்பதைவிடக் கரைக்காமலிருப்பது மலிவு என்ற பாடத்தை, எந்தக் கருத்தரங்கும் சொல்லித்தரவில்லை. மாதாந்திர பில் சொல்லித்தந்தது.

ஊருக்குள்ளும் சில நல்ல அடையாளங்கள் தெரிகின்றன. 2015-இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கம், தொழில்முனைவோரின் பணத்தோடும் நிலக்காரர்களின் ஒத்துழைப்போடும் லட்சக்கணக்கில் மரங்களை நட்டு வளர்க்கிறது. நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமானது; 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் மரம் நட்டதை உப்புக் கணக்கில் வரவு வைக்க முடியாது. மரம் மரத்தின் கணக்கு, நொய்யல் நொய்யலின் கணக்கு. ஊரின் சாக்கடை இன்னமும் அந்த ஆற்றில்தான் கலக்கிறது. பல பத்தாண்டுகளாக மண்ணிலும் கிணற்றிலும் இறங்கிய உப்பும் அங்கேயேதான் இருக்கிறது. நிறுத்தியது புதிய உப்பை மட்டும்தான். பழைய உப்பைத் திரும்ப எடுக்க எந்த நிலையமும் கட்டப்படவில்லை. அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால், மறுபடியும் கை நீட்டும் விளையாட்டு தொடங்கிவிடும்.

அதனால்தான் கொட்டகையில் அடுக்கியிருக்கும் அந்த மூட்டைகளைப் பார்க்கும்போது இரண்டு விதமாகத் தோன்றுகிறது. ஒரு பக்கம், முடியாத வேலையின் சாட்சி. இன்னொரு பக்கம், முப்பது ஆண்டுகளில் முதல் முறையாக அந்த உப்பு எடை போடப்பட்டிருக்கிறது. எந்த நிலையத்தில், எத்தனை டன், எந்தத் தேதியிலிருந்து கிடக்கிறது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டால், பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். தூக்கம் கெட்டு, அதை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியவரும் அவர்தான். ஆற்றில் ஓடிய நாட்களில் அந்த உப்புக்காக ஒரத்துப்பாளையத்து விவசாயி மட்டும்தான் தூக்கம் கெட்டார்.

அடுத்த முறை ஒரு கம்பெனியின் பசுமை அறிக்கையைப் புரட்டும்போது, பக்கம் பக்கமாக இருக்கும் சதவீதங்களைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். உங்கள் உப்பு மூட்டை எங்கே இருக்கிறது?